பதினொரு வயதில் பிரியும் பாதை

1

போன வாரம் என் பள்ளித்தோழி விஜி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சென்னையில் தாம்பரம் சானடோரியம் பக்கம் எடுத்தது. ஒரு கட்டடத்தின் முகப்பையே மறைத்துக்கொண்டு ஃபிளெக்ஸ் பேனர். டை கட்டிய குழந்தைகள் அதில் சிரிக்கிறார்கள். 'மூன்றாம் வகுப்பு முதல் திறனறித் தேர்வு. உங்கள் குழந்தை எந்த வகை? இன்றே அறிந்துகொள்ளுங்கள்!' படத்துக்குக் கீழே விஜி எழுதியிருந்தாள்: "மூணாங்கிளாஸ்லயே வகை பிரிக்கிறாங்கடீ. உங்க ஊரு பரவால்ல."

எங்கள் ஊர் என்று அவள் சொல்வது நெதர்லாந்தின் தெற்கே இருக்கும் ஐண்ட்ஹோவனை. கணவர் இம்தியாஸின் வேலைக்காக வந்தோம். மகள் மர்யமுக்கு அப்போது ஐந்து வயது. நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பகுதி நேரம் வேலை பார்க்கிறேன். படம் வந்தபோது உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு போனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'எந்த வகை' என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை மாதம் ஆகியும் அந்தச் சொற்களைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "வெளிநாட்டுல பிள்ளைங்களுக்குப் பரீட்சையே இல்லியாமே? குடுத்து வெச்சவங்க." நானும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்கிச் சொல்லப் பொறுமை இருந்ததில்லை. இப்போது சொல்கிறேன்.

2

இங்கே ஆரம்பப் பள்ளியை முடிக்கும்போது பிள்ளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிருக்கும். அதுவரை வீட்டுப்பாடம் கிடையாது, ரேங்க் கிடையாது, புத்தக மூட்டை கிடையாது. பிள்ளைகள் மரம் ஏறுவார்கள், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு சைக்கிளில் போவார்கள். நம் ஆட்கள் பார்த்துவிட்டுப் போவது இதைத்தான். அதற்கடுத்து வருவதை யாரும் பார்ப்பதில்லை. கடைசி வகுப்பில் பாதை மூன்றாகப் பிரிகிறது. ஒன்று தொழில்கல்விப் பக்கம் போகும். இன்னொன்று நம்மூர் பாலிடெக்னிக் சாயலில் இருக்கும் கல்லூரிகளுக்குப் போகும். மூன்றாவது நேராகப் பல்கலைக்கழகத்துக்கு.

கீழ், நடு, மேல் என்று நான் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எல்லாம் சமம், திசை மட்டும்தான் வேறு என்பார்கள். ஆனால் பேச்சோடு பேச்சாக 'மேலே ஏறலாம்', 'கீழே இறங்க வேண்டி வரும்' என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அதனால் நான் கீழ், நடு, மேல் என்றே எழுதுகிறேன்.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாதை என்று ஜனவரியில் வகுப்பாசிரியர் சொல்வார். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரு பொதுத் தேர்வு எழுத வேண்டும். வாசிப்பு, மொழி, கணக்கு. ஆசிரியர் சொன்னதைவிடத் தேர்வில் மேலே வந்தால் பள்ளி தன் முடிவை மறுபடி யோசித்தாக வேண்டும். கீழே வந்தால் பழைய முடிவே நிற்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

மர்யமின் ஆசிரியை பெயர் எல்ஸ். பிள்ளைகள் 'யுஃப் எல்ஸ்' என்பார்கள். யுஃப் என்றால் டீச்சர். நல்ல பெண்மணி. மழையில் நனைந்து வரும் பிள்ளைகளின் காலுறையை ஹீட்டர் மேல் காயப் போடுவார். ஜனவரி மாதம் எங்களை உட்கார வைத்து வண்ண வண்ணக் கோடுகள் போட்ட ஒரு தாளைக் காட்டினார். மர்யமும் பக்கத்தில் இருந்தாள்.

"மர்யம் அன்பான பிள்ளை. ஒழுங்கான பிள்ளை. ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை. சொல்வளம் குறைவு. வீட்டில் டச்சு பேசுவதில்லை அல்லவா? அவள் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதனால் முதல் பாதை."

முதல் பாதை என்றால் கீழ்ப்பாதை.

ஆறு வருடத்துக்கு முன் இதே பள்ளியில் மர்யமின் முதல் ஆசிரியை என்னிடம் "உங்கள் மகள் ஸ்லிம்" என்று சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்டில் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், உடம்பு வாகு அப்படி" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். டச்சில் ஸ்லிம் என்றால் புத்திசாலி என்று இம்தியாஸ் வீட்டுக்கு வந்து சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் புத்திசாலிப் பிள்ளை எங்கே போனாள் என்றுதான் அன்று எல்ஸிடம் கேட்க நினைத்தேன். டச்சில் அதைக் கேட்கும் அளவுக்கு என்னிடம் மொழி இல்லை. "கணக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு மட்டும் போதாது."

மர்யம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் இம்தியாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "டெஸ்ட் இருக்கே ரெஹானா. பாத்துக்கலாம்." அன்று சாயங்காலமே பயிற்சிப் புத்தகங்களை வாங்கிவிட்டேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு மர்யமை உட்கார வைப்பேன். எதிரில் நான். சரியாகப் போட்டாலும் தப்பாகப் போட்டாலும் அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இருக்காது. நான் தமிழில் கேட்டால் டச்சில் ஒரே சொல்லில் பதில் வரும்.

அவள் தமிழ் சுருங்கியது எப்போது என்று எனக்குத் தெரியும். டச்சில் அம்மாவை 'மாமா' என்பார்கள். ஒரு லீவில் முடிச்சூரில் என் பெற்றோர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது மர்யம் என்னை "மாமா!" என்று கூப்பிட்டுவிட்டாள். வீடே சிரித்து உருண்டது. "பொண்டாட்டிய பொண்ணு மாமாங்குது, அப்ப உன்ன என்னன்னு கூப்புடும்?" என்று இம்தியாஸை வேறு வம்பிழுத்தார்கள். அன்றிலிருந்து ஊரில் அவள் என்னை எப்படியுமே கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து துப்பட்டாவை இழுப்பாள்.

3

ஜனவரி கடைசியில் அம்மா போன் செய்தார். "அத்தாவுக்கு நெஞ்சு வலிம்மா. கடையிலயே உக்காந்துட்டாரு." அத்தா என்றால் என் அப்பா; குரோம்பேட்டையில் அவருக்கு ஹார்டுவேர் கடை. கடைப் பையன்கள்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். நான் ஒரே பிள்ளை.

மர்யமை என்னோடு அழைத்துப்போக முடியாது. பள்ளி நாளில் பிள்ளையை நிறுத்துவதற்கே இங்கே அனுமதி வாங்க வேண்டும். அதோடு தேர்வு அடுத்த வாரம். அவளை இம்தியாஸோடு விட்டுவிட்டுக் கிளம்பினேன். ரயில் நிலையத்தில் என் பெட்டியின் பட்டையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு தமிழில் கேட்டாள்.

"நான் நல்லா எழுதலன்னா உங்களுக்குக் கோவமா?"

"சே, கோவம்லாம் இல்லடா."

சொன்ன குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அவள் பட்டையை விட்டுவிட்டாள்.

அத்தாவுக்கு ஆபரேஷன் குறித்த நாளும், மர்யமுக்குத் தேர்வின் இரண்டாம் நாளும் ஒன்றாக அமைந்தன. காலையில் அத்தாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் மதியம் ஆகும்போது அங்கே காலை. இப்போது தாளைக் கொடுத்திருப்பார்கள். இப்போது அத்தாவின் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். இப்போது அவள் வாசிப்புப் பகுதியில் இருப்பாள். துஆ ஓத வாயெடுத்தால் யாருக்கு முதலில் கேட்பது என்றே குழம்பியது. கதவு திறக்கும் சத்தத்துக்கும் போன் அதிரும் சத்தத்துக்கும் ஒரே மாதிரி தூக்கிப்போட்டது.

முதலில் டாக்டர்தான் வந்தார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா." அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து இம்தியாஸின் மெசேஜ்: "எழுதிட்டா. ஒண்ணும் சொல்லல. அத்தா எப்படி?"

4

அன்று ஃபிளாஸ்கில் டீயோடு வந்தவள் விஜி. நானும் அவளும் குரோம்பேட்டையில் ஒரே பள்ளிக்கூடம். தாம்பரத்தில் ரயில் ஏறினால் இரண்டு ஸ்டேஷன். அந்த இரண்டு ஸ்டேஷனுக்குள் என் கணக்கு வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்துவிடுவாள். கணக்கில் அவளை அடிக்க எங்கள் செட்டில் ஆள் கிடையாது. இப்போது பொத்தேரியில் கல்லூரிப் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்றை நிர்வகிக்கிறாள்.

ஐசியூ வாசலில் உட்கார்ந்து மர்யமின் தேர்வைப் பற்றிச் சொன்னேன். விஜி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். அப்புறம், "நம்ம எட்டாங்கிளாஸ் டெஸ்ட் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எப்படி மறக்கும்? திறனறித் தேர்வு என்று ஒரு நாள் முழுக்க வைத்தார்கள். வட்டத்தைப் பென்சிலால் நிரப்பும் தாளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தோம். அடுத்த வருடம் அந்த மார்க்கை வைத்து ஒன்பதாம் வகுப்பை ஏ முதல் ஈ வரை பிரித்தார்கள். நான் ஏ. விஜி ஈ.

"பதினேழாவது கேள்வி தெரியல, விட்டுட்டேன். ஆனா வட்டத்த விடல. பதினெட்டோட பதில பதினேழுல அடிச்சிட்டேன். அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணு ஒண்ணு தள்ளிப் போச்சு. கடைசில ஒரு வட்டம் மிச்சம் இருந்துச்சி பாரு, அப்பதான் தெரிஞ்சுது. மிஸ்கிட்ட ஓடினேன். 'டைம் முடிஞ்சிது, மெஷின்தான் திருத்தும், நான் ஒண்ணும் பண்ண முடியாது'ன்னுட்டாங்க. அவங்களுக்கு என்ன நல்லாத் தெரியும்டீ. போர்டுல கணக்குப் போட என்னத்தான கூப்புடுவாங்க?"

"இன்னும் கோவம் இருக்கா விஜி?"

"கோவமா? ஈ செக்‌ஷன் எங்க போட்டாங்க, சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல ஷெட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஃபேன் கிடையாது. ஆஃப் இயர்லி வரைக்கும் கணக்குக்கு ஆளே வரல. மெஷின் என்ன ஈன்னு சொல்லிச்சி. ரெண்டு வருஷத்துல நான் ஈயாவே ஆயிட்டேன்."

பெரிய விஷயமாக அவள் அதைச் சொல்லவில்லை. ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். ஏ செக்‌ஷனில் இருந்த நான் இன்ஜினியரிங் முடித்து, வேலை பார்த்து, கல்யாணமாகி, இப்போது வெளிநாட்டில் உருளைக்கிழங்கு சீவுகிறேன். அதை அவளிடம் சொன்னேன். "அது வேற கதடீ, இன்னிக்கு வேணாம்" என்றாள்.

5

அத்தாவின் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவரை மறுபடி சேர்த்தோம். என் லீவு நீண்டுகொண்டே போனது. மார்ச் மாதம், அத்தா முடிச்சூர் வீட்டின் மாடியறையில் சாய்ந்து உட்காரும் அளவுக்குத் தேறியபோது ரிசல்ட் வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய மாடி அது. படிக்கட்டில் நின்றபடியே இம்தியாஸ் அனுப்பியதைத் திறந்தேன்.

மர்யம் நடுப்பாதைக்கும் மேல்பாதைக்கும் நடுவில் வந்திருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தார். உள்ளேயிருந்து அத்தா, "என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?" என்று பதறினார். "ஒண்ணும் இல்லத்தா, நம்ம மர்யம் பாஸு" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

சந்தோஷம் அடுத்த நாள் மத்தியானம் வரைதான். பள்ளியிலிருந்து மெயில். மறுபரிசீலனை செய்தார்களாம். தேர்வு என்பது ஓரிரு நாளின் படம் மட்டும்தானாம், ஆசிரியை பார்த்திருப்பது பல வருட மர்யமையாம். ஆகவே பழைய முடிவையே வைத்துக்கொள்ள நினைக்கிறார்கள். பெற்றோர் பேச விரும்பினால் வரலாம். அந்த வாரத்துக்குள் முடிவைப் பதிய வேண்டும், அதன் பின் மாற்ற முடியாது.

"நீங்க மட்டும் போகாதீங்க. நானும் வீடியோல வரேன்" என்று இம்தியாஸிடம் சொன்னேன். அவர் சண்டை போடத் தெரியாத மனிதர். யாராவது காரணம் சொன்னால் 'அதுவும் சரிதான்' என்று தலையாட்டிவிடுவார்.

முடிச்சூரில் எங்கள் தெருவில் கேபிள் தோண்டிப் போட்டதில் இரண்டு நாளாக நெட் இல்லை. போனில் படம் உறைந்து உறைந்து நின்றது. விஜியிடம் சொன்னேன். "ஹாஸ்டலுக்கு வா. இருநூறு பொண்ணுங்க படம் பாக்கற லைனு, நிக்கவே நிக்காது."

சந்திப்பு நம்மூர் நேரப்படி இரவு ஏழரைக்கு. ஆறு மணிக்கே ஆட்டோ ஏறினேன். வண்டலூரில் எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது. பஸ், லாரி, கல்லூரி வேன், ஒன்றும் நகரவில்லை. ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"அண்ணா, ஏழரைக்குள்ள போகணும்ணா."

"இன்னாம்மா பண்றது, பேஜாரா கீது பாரு. பறந்தா போவ முடியும்?"

கடைசியில் இறங்கி, தடுப்புச் சுவரோரமாக நெரிசலைத் தாண்டி நடந்து, வேறு ஆட்டோ பிடித்தேன். ஹாஸ்டல் வாசலில் விஜி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். "உள்ள போ, உள்ள போ, கூப்புட்டுட்டாங்க."

6

அவளுடைய அலுவலறையில், அவுட்பாஸ் கையெழுத்துக்கு நின்ற பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். திரையில் எல்ஸ், தலைமையாசிரியர், ஓரத்தில் இம்தியாஸ். கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டு டச்சில் வணக்கம் சொன்னேன். இனி அவர்கள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

தலைமையாசிரியர் ஆரம்பித்தார். "உங்கள் தந்தை நலமா? நல்லது. பாருங்கள், எண் நன்றாக இருக்கிறது. ஆனால் எண் மட்டுமே பிள்ளை அல்ல."

"ஆசிரியர் சொன்னது மட்டுமே பிள்ளையா?" என்றேன். எப்படி இவ்வளவு சரியாக வாக்கியம் வந்தது என்று தெரியவில்லை. கோபத்தில் வந்துவிட்டது.

எல்ஸின் முகம் சிவந்தது. "நான் அவளைத் தினமும் பார்க்கிறேன், ரெஹானா. ஒரு கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். குழு வேலையில் மற்றவர்கள் பேசுவார்கள், இவள் எழுதிக்கொடுப்பாள். நடுப்பாதையில் எல்லாம் பேச்சும் விவாதமும்தான். அங்கே போட்டு அவளை உடைக்க நான் விரும்பவில்லை."

இம்தியாஸ் மெல்லத் தலையாட்டுவது தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தேர்வு சொல்கிறது. தேர்வு சொல்கிறதே!" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அதற்கு மேல் டச்சு வரவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற விஜி சைகையில் என்ன என்றாள். மைக்கை அணைத்தேன்.

"பொண்ணு நல்லா எழுதியிருக்கா. ஆனா டீச்சர் நம்ப மாட்டேங்கறாங்க. வாயே திறக்க மாட்டேங்கறாளாம், அதனால கீழ போடணுமாம்."

"மர்யம் எங்க?"

"ஸ்கூல்லதான். வெளில உக்காந்திருக்கா."

"வாய தொறக்கலன்னா ஏன் தொறக்கலன்னு அவளத்தான கேக்கணும்? இத்தினி பேர் சுத்தி உக்காந்து அவளப் பத்தி நீங்களே பேசிக்கினு இருக்கீங்க?"

மைக்கைத் திறந்தேன். "மர்யமை உள்ளே கூப்பிடுங்கள்" என்றேன். இது பெற்றோருக்கான சந்திப்பு, வழக்கமில்லை என்று தலைமையாசிரியர் இழுத்தார். எல்ஸ்தான், "வரட்டும்" என்று எழுந்து கதவைத் திறந்தார்.

மர்யம் கோட்டைக் கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். திரையில் என்னைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள்.

எல்ஸ் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "மர்யம், வகுப்பில் நீ ஏன் பேசுவதில்லை?"

சுவர்க் கடிகாரத்தின் சத்தம் லேப்டாப் வழியாகப் பொத்தேரி வரை கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்லுடி, ஒரு வார்த்தை சொல்லிவிடு. தலைமையாசிரியர் பேனாவை மூடினார். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"அன்று எல்லாரும் சிரித்தார்கள்" என்றாள் மர்யம்.

"எப்போது?"

"ஆறாம் வகுப்பில். அப்போதும் நீங்கள்தான் எங்கள் யுஃப். நான் 'எங்கள் வீடு' பற்றிப் பேசினேன். வாடகைக்கு இருக்கிறோம் என்று சொல்ல வந்தேன். சொல் தப்பாக வந்துவிட்டது."

டச்சில் வாடகைக்கு இருப்பது என்ற சொல்லில் ஓர் உயிரொலி இருக்கிறது. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்ல வேண்டும். நமக்கு அது வராது. வெறும் 'ஊ' என்று சொன்னால் உடம்பை விற்கும் பெண்கள் என்று அர்த்தம் ஆகிவிடும். நெதர்லாந்தில் நான்கு வயதிலேயே முதல் வகுப்பு; ஆறாம் வகுப்பில் ஒன்பது வயதுதான். அந்த வயதில் வகுப்பின் முன்னால் நின்று அதைச் சொல்லியிருக்கிறாள்.

"பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நீங்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அப்புறம் பையன்கள் வருடம் முழுக்க என் வீட்டைப் பற்றிக் கேட்டார்கள்."

எல்ஸின் கை வாய்க்குப் போய், பாதியில் நின்றது. "எனக்கு... அது நினைவில் இல்லை, மர்யம்."

"எனக்கு இருக்கிறது" என்றாள் மர்யம். மரியாதைக் குறைவாக இல்லை. தகவலாகச் சொன்னாள். "தேர்வில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினேன்."

"அந்தச் சொல்லை நான் திருத்தியிருக்க வேண்டும்" என்றார் எல்ஸ்.

"வீட்டில் அப்படித்தான் சொல்லிப் பழகினேன்" என்று சொல்லிவிட்டு மர்யம் ஒரு கணம் திரையைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

அந்த ஆறாம் வகுப்புப் பேச்சை அதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுச் சமையலறையில் என்னிடம்தான் சொல்லிப் பார்த்தாள். அவள் சொல்லைச் சரியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். நான்தான், டச்சு வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மிதப்பில், "இல்லடா, இப்படி" என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு வருடத்துக்கு மேலாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும், அத்தனை பேர் முன்னால், அம்மா என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்த விஜி, என்ன ஏது என்று கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "மர்யம், உனக்கு எந்தப் பாதை வேண்டும்?"

"நடு."

"தேர்வுப்படி நடுவும் மேலும் கலந்த வகுப்பைக் கூட நீ கேட்கலாம்."

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஆமாம், அதுதான், அதைக் கேள் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வேண்டாம்" என்றாள் மர்யம். "கால்வாய்ப் பக்கத்துப் பள்ளியில் நடு மட்டும்தான். அங்கே ரோபோ வகுப்பு இருக்கிறது."

இம்தியாஸ் திரையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குப் பயம். மர்யமுக்கும்தான். கோட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அவள் சொல்வதுதான்" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டேன் என்பது பக்கத்திலிருந்த விஜிக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

7

முடிவைப் பதிய வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் மெயில் வந்தது. நடுப்பாதை. கீழே எல்ஸ் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தார், மர்யமிடம் வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டதாக. "ஐயோ, எதுக்கு வகுப்பு முன்னால?" என்று மர்யம் போனில் அலுத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். வாடகைச் சொல்லைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "எனக்குத் தெரியாமப் போச்சுடா." அவள், "ம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்களுக்கு இன்னும் அந்த சவுண்ட் வராது" என்றாள். அது உண்மை.

ஊரில் மட்டும் யாரிடமும் விளக்க முடியவில்லை. "நடுன்னா? செகண்ட் கிளாஸா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக்காரர். மேல்பாதைக்கே வாய்ப்பு இருந்ததே என்று ஏப்ரலில் திரும்பி வரும்போது விமானத்தில் எனக்கே மறுபடி வயிறு எரிந்தது. விஜியிடம் மெசேஜில் புலம்பினேன். "உன் டெஸ்டு எப்பவோ முடிஞ்சிடுச்சிடீ, இது அவ டெஸ்டு" என்று பதில் போட்டாள். கோபம் வந்தது. இரண்டு நாள் பதில் போடவில்லை.

இப்போது மர்யம் கால்வாய்ப் பக்கத்துப் பள்ளிக்குச் சைக்கிளில் போய்வருகிறாள். ரோபோ வகுப்பு இரண்டாம் வருடத்தில்தானாம், ஏமாந்துவிட்டாள். கணக்கில் நல்ல மார்க், வரலாற்றில் சொல்லும்படி இல்லை. வகுப்பில் பேசுகிறாளா என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை அவளே அத்தாவுக்குப் போன் செய்கிறாள். என் அத்தாவை அவள் நன்னா என்பாள். நேற்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அத்தாவுக்கு அன்று காலையில் எக்கோ எடுத்திருக்கிறார்கள்.

"நாப்பத்தஞ்சு பர்சென்ட்தான் வேல செய்யுதாம்மா, இதயம்" என்றார் அத்தா. குரலில் சோர்வு.

"நூறுக்கா நன்னா?"

"நூறுக்குத்தான். ஆனா அறுவது வந்தாலே ஃபுல்லாம். டாக்டரு சொன்னாரு."

மர்யம் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"அப்ப நீங்க நடு."

"ஆமாம்மா. நடுதான்."

"நடுல நெறைய ஆளுங்க இருக்காங்க நன்னா" என்றாள், உடைந்த தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "பக்கத்துல யாராவது இருப்பாங்க. பயம் வராது."

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன். அந்தப் பக்கம் அத்தா சாய்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "வேற என்னம்மா விசேஷம், சொல்லு" என்றார். மர்யம் சொல்ல ஆரம்பித்தாள்.